பிறை பார்க்காத ஆடுகள்

நோன்புக்கு முந்தின மாதம் போனால்தான் குட்டிகளைப் பார்க்க முடியும் என்று அக்மல் பாய் சொல்லியிருந்தார். பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். கொரோனாவுக்கெல்லாம் முன்னால், நோன்பு வந்து பகல் வியாபாரம் நின்றுபோவதற்குள் ஊர் சுற்றிவிட வேண்டும் என்று ஒரு தடவை குடும்பத்தோடு மூணாறு போய் வந்தார்.

"ராஜமலையில வரையாடு பாத்தோம் வாஹித்து. தாயும் குட்டியுமா ரோட்டோரத்துலயே நிக்குது. தூக்கி மடியில வச்சுக்கலாம் போல இருக்கு. நோன்புக்கு முந்தின மாசம் போ. அப்பதான் குட்டி இருக்கும்."

அன்றைக்கு அப்துல் வாஹித் அதைக் காதில் போட்டுக்கொண்டதோடு சரி. ஆடு என்றால் அவருக்குத் தோல். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தோல்களைத் தரம் பிரித்தவர். உப்புப் போட்டு மடித்து வரும் தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு. உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு, அம்மை வடு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் மெஹராஜ் அந்தக் கையை முகர்ந்து பார்த்து, "உங்களோட குடும்பம் நடத்துறேனா, ஆட்டு மந்தையோட நடத்துறேனா?" என்று கேட்டாள். அப்புறமும் விடவில்லை. "உசிரோட நிக்கிற ஆட்ட ஒருநாளாவது நின்னு பாத்திருக்கீங்களா? பக்ரீத்துக்கு வாங்குற ஆட்டக்கூடத் தடவித்தான பாக்குறீங்க" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார். உண்மைதானே.

மெஹராஜின் கிட்னி இரண்டும் கைவிட்டு நாலு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் மெஷின். இடது கையில் நரம்பை ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்து வழி செய்திருந்தார்கள். அந்த இடத்தில் தோல் புடைத்து, தொட்டால் உள்ளே தேனீ பறப்பதுபோல் ஓயாமல் ரீங்கரிக்கும். ஊசி குத்த வசதியாக மூன்று ரவிக்கைகளின் இடது கைத் தையலைப் பிரித்துப் பொத்தான் வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர், உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது. சிறுமலைப் பழம் என்றால் உயிரை விடுகிறவள். நாலு வருடமாக அந்தப் பழத்தின் வாசனை வீட்டுக்குள் வரவில்லை. அவளுக்காக வாஹித்தும் விட்டுவிட்டார்.

மெஷின் ஓடுகிற அறையில் சுவரில் ஒரு டிவி. சத்தம் கிடையாது. ரிமோட் தொலைந்துபோனதில் ஒரே சேனலில் நின்றுவிட்டது. எப்போதும் மிருகங்கள். சிங்கம், முதலை, பனிக்கரடி. ஒரு நாள் மேகத்துக்குள்ளிருந்து ஒரு பாறை தெரிந்தது. பாறையின் விளிம்பில் ஓர் ஆடு. அதன் வயிற்றுக்கடியில், அப்போதுதான் பிறந்த குட்டி ஒன்று நான்கு காலையும் நான்கு பக்கம் வைத்துக்கொண்டு எழுந்து நின்றது. கீழே பாதாளம். மெஹராஜ் அன்றைக்கு வெளியே வந்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

"இந்த ஆடு நம்ம மூணாறுலயே இருக்காம்ல? நர்ஸ் ரூபி சொல்லுச்சு. அம்புட்டு உசரத்துல பெத்துப் போடுதுங்க. விழுந்துராதா?"

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை படுக்கும்போதும் அந்த ஆடு வராதா என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது வரும்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் முடிந்து வீட்டுக்கு வந்து, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து அவள் சொன்னாள்.

"இதோட போதும்ங்க."

"எது போதும்?"

"மெஷின்தான். நாலு நோன்ப விட்டுட்டேன். இந்த நோன்பப் புடிக்கணும். புடிக்க முடிஞ்ச வரைக்கும் புடிக்கிறேன். நடுவுல அல்லா கூப்பிட்டா போயிர்றேன். நோன்பு மாசத்துல மவுத்தானா நல்லதுதான?"

வீட்டில் ரவை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல் அது. அழுகையோ கோபமோ இருந்திருந்தால் வாஹித் பதில் சொல்லியிருப்பார். மகள் நஸீரா திருச்சியில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாம். அவள் ஓடிவந்து கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள். மெஹராஜ் அவளுக்கும் இதே குரலில் சொல்லிவிடுவாள். அதோடு முடிந்துபோகும். அன்று முழுக்க உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நடந்தவருக்கு, சாயங்காலம் அக்மல் பாயின் பேச்சு ஞாபகம் வந்தது.

"ஒண்ணு செய்வோம் புள்ள. நோன்புக்கு முன்னால ராஜமலை போயி அந்த ஆட்டப் பாத்துட்டு வந்துருவோம். பாத்துட்டு வந்து உன் முடிவச் சொல்லு. அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

"ஆட்டப் பாத்தா கிட்னி முளைச்சிருமா?"

"சொல்றதக் கேளு."

மெஹராஜ் சின்னப் பையனிடம் தோற்றுக்கொடுக்கிற மாதிரி தலையாட்டினாள். "சரி. பாத்துட்டு வந்து சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாஹித் ஒரு மலையே கட்டிவிட்டார். மேகம் விலகும். குட்டி தள்ளாடி எழுந்து நிற்கும். மெஹராஜ் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். பார்த்த பிறகு, அடுத்த வருடம் இந்தக் குட்டி எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் இந்த இடத்துக்கு வந்து நின்றுகொள்வார்.

நஸீராவிடம் சொல்லவில்லை. சொன்னால் போக விடமாட்டாள். அவளிடம் சொல்லாததால் செல்போனில் தேடிப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. அக்மல் பாயிடமும் மறுபடி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நோன்புக்கு முந்தின மாதம். இதோ, அந்த மாதம்தான்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுததும் கிளம்பினார்கள். டிரைவர் சடையாண்டி வாஹித்தைவிட நாலைந்து வயது இளையவன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பலமுறை கொண்டுபோய் விட்டவன்.

"நான் கொடைக்கானல் வண்டி பாய். மூணாறுக்கு எப்பவாச்சும்தான். வழி தெரியும், கவலப்படாதீங்க. அம்மா, காலை நீட்டிக்கங்க. பின்சீட்டு பூராம் உங்களுக்குத்தான்."

செம்பட்டி தாண்டும்போது விடிந்தது. கிணற்றடி மோட்டார்கள் தண்ணீரை வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருந்தன. மெஹராஜ் அந்தத் தண்ணீரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மடியில் அன்றைக்கான தண்ணீர் சின்ன பாட்டிலில் இருந்தது. வத்தலக்குண்டில் சடையாண்டி டீ குடித்துவிட்டு வந்து, முன்சீட்டில் பேப்பர் சுற்றி வைத்திருந்த பழச் சீப்பை எடுத்தான்.

"நேத்து சிறுமலைக்கு ஒரு டிராப் பாய். அங்கயே வாங்குனது. சாப்புடுங்கம்மா."

வண்டிக்குள் வாசனை நிறைந்தது. மெஹராஜ் வாயைத் திறப்பதற்குள் வாஹித் சொன்னார், "அவளுக்கு ஆகாதுப்பா. எடுத்து டிக்கியில வச்சிரு."

"பழந்தானுங்களே பாய்."

"அவருக்குப் பழம்னா பாம்பு மாதிரி. வச்சிருங்கண்ணே" என்று மெஹராஜ் சிரித்தாள்.

பெரியகுளம், தேனி, போடி. மலை ஏற ஆரம்பித்ததும் அவளுக்குக் குமட்டியது. வாஹித் பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்து அவள் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புர்கா துணிக்கு அடியில் தேனீ பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் உள்ளங்கையை அழுத்தி, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். போடிமெட்டில் குளிர் முகத்தில் அறைந்தது. கீழே, வந்த சமவெளி பழுப்பு நிறத்தில் ஒரு தோல் விரித்ததுபோல் கிடந்தது.

"எத்தனாம் தரம்?" என்று கேட்டாள் மெஹராஜ்.

வாஹித்துக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "கீறல் அதிகம். ரெண்டாந்தரந்தான்."

அவள் கேலி பேசுகிறாள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ராஜமலை அடிவாரத்தில் வண்டி நின்றபோது, அக்மல் பாய் சொன்ன கூட்டம் இல்லை. மேலே ஏற்றிப்போகிற பஸ்கள் இல்லை. பெட்டிக்கடைகள் தார்ப்பாய் போர்த்திக் கட்டிக் கிடந்தன. சாலைக்குக் குறுக்கே கம்பி. கம்பியில் ஒரு பலகை. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் இலைச்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் தமிழ்.

"பார்க்கு அடைச்சாச்சு ஐயா. ஏப்ரல்லதான் தொறப்பாங்க."

"அடைச்சாச்சா? ஏம்மா?"

"குட்டி போடுற சமயமில்ல? ஆளுக போயி நின்னா மிரண்டு குட்டிய விட்டுட்டு ஓடிரும்னு வருசா வருசம் அடைக்கிறதுதான். குட்டியெல்லாம் காலு ஊனி நடக்க ஆரம்பிச்சப்பறம் தொறப்பாங்க. அப்ப வாங்க, ரோட்டுலயே நிக்கும்."

"இல்லம்மா, நோன்புக்கு முந்தின மாசம் தொறந்திருக்கும்னு..." என்று ஆரம்பித்த வாஹித் அப்படியே நின்றுவிட்டார்.

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மெஹராஜ் முதலில் புரிந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"ஏங்க, அக்மல் பாய் மூணாறு போயிட்டு வந்த வருசத்துல நோன்பு கத்திரி வெயில்ல வந்துச்சு. விடியுமுன்ன சஹருக்கு எந்திரிச்சுச் சாப்புடறப்பவே வேர்த்து ஊத்துமே, நாபகம் இல்லையா? இப்ப நோன்பு மாசிக்கு வந்துருச்சு. வருசா வருசம் நோன்பு முன்னால முன்னால நகந்து வரும். ஆடு நகருமா? உங்க ஆடு பிறை பாத்தா குட்டி போடும்?"

வாஹித்துக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூட நாளில் குளிரில் பிடித்த நோன்பு, கல்யாணமான புதிதில் மழையில் பிடித்த நோன்பு, தோல் ஷாப்பில் ஊற்றுகிற வெயிலில் பிடித்த நோன்பு. ஒரே மாதம் எல்லாக் காலங்களுக்குள்ளும் புகுந்து வருவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். அந்தப் பிறையை இந்த ஆடுகளுக்கும் பூட்டிவிடலாம் என்று எப்படி நினைத்தார்?

கம்பிக்கு அப்பால் கூண்டு போன்ற அறையில் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். வாஹித் அவரிடம் போனார். அவருக்கு அரைகுறையாகத் தமிழ் தெரிந்தது.

"சார், வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல. டயாலிசிஸ் பண்றவ. ரொம்ப தூரத்துலருந்து வாரோம். கொஞ்ச தூரம் மட்டும். வண்டியக்கூட விட்டு இறங்க மாட்டோம். ஒரே ஒரு தடவ பாத்துட்டு..."

"ஆரையும் விடான் பற்றில்ல. எங்க ஆப்பீசரக்கூட ஆவசியம் இல்லாம விடமாட்டோம்."

"சார், அவளுக்கு ஏப்ரல் வரைக்கும்..." காவலர் வேறு பக்கம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஆனால் கம்பியைத் தொடவில்லை.

பின்னாலிருந்து மெஹராஜ் கூப்பிட்டாள். "வாங்க, போதும். புள்ள பெக்குற வீட்டுல போயி எட்டிப் பாக்குறதா?"

அவர் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தார். மேலே பாறை, பாறையின் பாதியில் மேகம். அந்த மேகத்துக்குள் எங்கோ ஒரு குட்டி நான்கு காலையும் நான்கு பக்கம் வைத்து எழுந்துகொண்டிருக்கும். ஏதாவது அசைகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தார். மேகம்தான் அசைந்தது.

கூட்டிக்கொண்டிருந்த பெண் காருக்கருகில் போய், "ஏப்ரல்ல வாங்கம்மா, கண்டிப்பா பாக்கலாம்" என்றாள்.

"ஏப்ரல்ல" என்றாள் மெஹராஜ். அவ்வளவுதான். அந்தப் பெண் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செபாஸ்தியம்மாள். கொண்டுவந்திருந்த உப்பில்லாத இடியாப்பத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். செபாஸ்தியம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் மென்று முழுங்கினாள்.

மலை இறங்கினார்கள். பூப்பாறை தாண்டியதும் வாஹித்துக்கு மனதுக்குள் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பாத்துட்டு வந்து சொல்றேன் என்றுதானே சொன்னாள்? பார்க்கவில்லையே. பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? அப்படியென்றால் ஏப்ரல் வரைக்கும் பேச்சு நிற்கிறது. ஏப்ரல் வரைக்கும் மெஷினுக்குப் போயாக வேண்டும். கம்பி போட்டு அடைத்தவன் அவருக்கு உதவிதான் செய்திருக்கிறான். நினைக்க நினைக்க அவருக்கு முகம் தெளிந்தது. காவலரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, கெஞ்சியது எல்லாம் மறந்தது.

"சடையாண்டி, ஏப்ரல்ல மறுபடி வாரோம்ப்பா. இப்பவே சொல்லிட்டேன். வேற வாடகை ஒத்துக்கிராத."

"வாங்க பாய், போவோம். பள்ளிக்கூட லீவும் வந்துரும், கூட்டமா இருக்கும். வெள்ளனாவே கெளம்பிருவோம்."

"கேட்டியா புள்ள? நோன்பு முடிஞ்சு, பெருநாளும் முடிஞ்சிரும். நஸீராவையும் வரச் சொல்லுவோம்."

மெஹராஜ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்காததை வாஹித் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

போடியில் இறங்கியதும் சமவெளியின் வெக்கை வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. பெரியகுளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் சடையாண்டி வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினான். மெஹராஜ் கதவைத் திறந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். கணுக்கால் வீங்கி மினுமினுத்தது.

"அண்ணே, காலையில ஒரு பழம் குடுத்தீங்களே. இருக்கா?"

சடையாண்டி வாஹித்தைப் பார்த்தான். வாஹித் அவளைப் பார்த்தார்.

"மெஹராஜ்."

"ஒண்ணே ஒண்ணுதான்."

"ஆகாது புள்ள. நெஞ்சு படக்குன்னு நின்னுரும்னு டாக்டர் உன்கிட்டத்தான சொன்னாரு."

"நேத்துதான மெஷின்ல படுத்தேன். ஒண்ணுல நிக்காது. குடுங்கண்ணே."

சடையாண்டி டிக்கியைத் திறந்து பழத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தான். கொடுக்கலாமா என்று கேட்கிற மாதிரி வாஹித்துக்கு முன்னால் நின்றான். பிடுங்கி எறிந்துவிடலாம். அவர் கை எழவில்லை. மெஹராஜே எட்டி வாங்கிக்கொண்டாள். கறுத்த தோலை மூன்றாகக் கிழித்து, சின்னப் பழத்தை நுனியிலிருந்து கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாலு வருடமாக அவள் எதையும் அப்படிச் சாப்பிட்டு வாஹித் பார்த்ததில்லை. கடைசித் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு ஆகும்ல? நீங்க எதுக்கு விட்டுட்டீங்க?"

அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தப் பழைய ருசி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வாஹித் அக்மல் பாய் கடைப் பக்கம் போனார். திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனார்.

"என்ன வாஹித்து, மூணாறு போனியாமே, சடையாண்டி சொன்னான். குட்டி பாத்தியா? தங்கச்சி என்ன சொல்லுச்சு?"

"பாத்தோம். நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வழியில் மருந்துக்கடையில் நாளைக்கு மெஷினுக்கு வேண்டிய ஊசி மருந்தை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமைக்கு ஆட்டோவுக்கும் சொல்லிவைத்தார். எல்லாம் எப்போதும் போலச் செய்துவைத்தால் எப்போதும் போல நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மெஹராஜ் ஜன்னலோரத்தில் வெளிச்சத்துக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி. கையில் ஊசி.

"வந்துட்டீங்களா? ஊசியில நூலு தீந்துபோச்சு. கண்ணு சரியாத் தெரியல. செத்த கோத்துக் குடுங்களேன்."

மருந்துப் பையை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் மடியில் இருப்பதைப் பார்த்தார். மூன்று ரவிக்கைகள். இரண்டு, மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. இடது கைத் தையல் சேர்த்துத் தைக்கப்பட்டு, ஒரு காலத்தில் பிரிந்திருந்த இடம் என்றே தெரியாமல் இருந்தது. வெட்டி எடுத்த பொத்தான்கள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. மூன்றாவது பாதியில் நின்றிருந்தது.

"பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொன்ன" என்றார் வாஹித்.

"ஆமா."

"பாக்கலையே நாம."

"போனோம்ல."

"ஏப்ரல்ல..."

"ஏப்ரல்ல நீங்க போங்க. சடையாண்டி அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல? நஸீராவக் கூட்டிட்டுப் போங்க. தடவிப் பாக்காம, நின்னு நல்லாப் பாருங்க." அவள் ஊசியை அவர் பக்கம் நீட்டினாள். "நோன்புக்கு இதுகள உடுத்தணும். கையக் காட்டிக்கிட்டுத் திரிய முடியுமா? கோத்துக் குடுங்க. வெளிச்சம் போகுது."

ஊசியை வாங்கும்போது அவர் விரல்கள் அவள் இடது கையில் பட்டன. தேனீ பறந்துகொண்டிருந்தது. செத்த நேரம் அங்கேயே வைத்திருந்தார். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி ஊசியைத் தூக்கிப் பிடித்தார். கை நடுங்க வேண்டும், கண் மங்க வேண்டும், இந்த நூல் நுழையாமல் வழுக்கி வழுக்கிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது.